கூதிர்காலத்தில் சேர்வராயன் மலை: பறவையும் காளானும் பார்க்கப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காடு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் படகுத்துறையில் நிற்கும் வரிசையுமே நினைவுக்கு வருகின்றன. மலையில் வாழும் உயிர்களைப் பார்க்கப் புறப்படுகிறவருக்கு அந்த மாதம் ஏற்றதன்று. அவர் காத்திருக்க வேண்டியது, நம் முன்னோர் கூதிர் என்று பெயரிட்ட ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்காக. இமயமலைச் சாரலிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வலசை வரும் பறவைகள் அப்போதுதான் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் வந்து தங்குகின்றன; அதே நாட்களில், மழையில் ஊறிய மண்ணிலிருந்தும் மட்கிய மரங்களிலிருந்தும் காளான்கள் வெளிவருகின்றன.

பறவை பார்ப்பவர்கள் அண்ணாந்தபடியும் காளான் தேடுபவர்கள் குனிந்தபடியும் நடப்பது வழக்கம். இரண்டையும் ஒரே நடையில் பார்க்கப் பழகிக்கொள்வதே எளிது என்பது, பல ஆண்டுகள் இந்த மலையில் நடந்ததில் நான் கண்டது. பூஞ்சை உட்புகுந்து மரத்தை மென்மையாக்கிய பிறகுதான், பொந்து குடையும் பறவையான குக்குறுவானின் அலகுக்கு அந்த மரம் இடங்கொடுக்கிறது. ஈரச் சருகை மட்கவைப்பதும் பூஞ்சைதான். அந்தச் சருகில் பெருகும் புழுபூச்சிகளைத் தேடித்தான் ஆறுமணிக்குருவியும் செந்தலைப் பூங்குருவியும் நிழலுக்குள் இறங்குகின்றன. ஆகவே புதியவருக்கு நான் சொல்லும் முதல் வேலை, வெட்டப்படாமல் நிற்கிற அல்லது விழுந்து கிடக்கிற ஒரு பட்டமரத்தைக் கண்டுபிடிப்பது. மற்றவை அதைச் சுற்றியே அமையும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு மூன்று நாட்கள் நல்ல மழை பெய்து, ஒரு நாள் வெயில் தலைகாட்டிய பிறகு வரும் காலைப்பொழுதே சிறந்தது. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பறவைகள் இலைக்குள் ஒடுங்கிவிடும். மழை நின்று வாரம் கடந்துவிட்டால் மென்மையான காளான்கள் அழுகியிருக்கும். சில வகைகள் விடியற்காலையில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் கரைந்தே போய்விடுகின்றன. ஐப்பசியின் தொடக்கத்தில் சென்றால், இன்னும் தெற்கே போகும் வழியில் இறங்கி இளைப்பாறும் பறவைகளையும் காணலாம். கார்த்திகையில் சென்றால், இந்தக் குளிர்காலத்துக்கு இங்கேயே இடம்பிடித்துவிட்ட பறவைகளை அதே புதரில் நாள்தோறும் காணலாம். தொடக்கநிலையில் உள்ளவருக்குக் கார்த்திகை எளிது. தப்பவிட்ட பறவை மறுநாளும் அங்கேயே இருக்கும்.

கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் புறப்பட வேண்டாம். மலைப்பாதையில் மண் சரிவதும் பாறை உருண்டு விழுவதும் இந்தப் பருவத்தில் நடப்பவை. தீபாவளியை ஒட்டிய விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்; அன்று காதில் விழுவது வண்டிகளின் ஒலிப்பான் மட்டுமே.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பைனாகுலர் வாங்குவதானால், 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ளதை வாங்குங்கள். 10 மடங்கு பெருக்குவது இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். ஆனால் பெருக்கம் கூடும்போது கைநடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். காப்பித் தோட்டத்து நிழலில் கிளைக்குக் கிளை தாவும் சிறு குருவியை அதற்குள் பிடிப்பது புதியவருக்குக் கடினம். காளானுக்கு 10 மடங்கு பெருக்கும் ஒரு சிறு கைவில்லையும், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றும் போதும். கண்ணாடியைக் காளானின் குடைக்கடியில் நீட்டினால், அதைப் பறிக்காமலேயே, அடிப்புறத்தில் மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருக்கும் செதில்களைப் பார்த்துவிடலாம். இந்தச் சின்ன உத்தியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; அதனால் முதல் இரண்டு ஆண்டுகளில் தேவையின்றி எத்தனையோ காளான்களைப் பிடுங்கிவிட்டேன் என்பது இன்றும் வருத்தம்தான்.

இவற்றோடு ஒரு குறிப்பேடு, பென்சில், மூடியுள்ள சிறு டப்பா, மழைச்சட்டை, வழுக்காத காலணி. உடை மங்கிய பச்சையிலோ காவியிலோ இருக்கட்டும். வீடு திரும்பியதும் பைனாகுலரைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். என் முதல் பைனாகுலரை ஒரு மழைநாளில் ஈரம் காயாமல் உறையில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை இழை பரவியிருந்தது.

எங்கே நடப்பது

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே முட்புதர்க்காடும் மூங்கிலும் விலகி, சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. 1820ஆம் ஆண்டுவாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பிதான் இந்த மலையின் தோற்றத்தையே மாற்றியது. பழைய தோட்டங்களில் பலா, கல்யாண முருங்கை, காட்டு மரங்கள் என்று பலவகை நிழல்மரங்கள் இன்றும் நிற்கின்றன. சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்ட தோட்டத்தைவிட இத்தகைய கலப்பு நிழலில்தான் பறவையும் காளானும் மிகுதி. நடக்கும் தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. முதல் நாளே மேஸ்திரியிடமோ, தோட்டக் கணக்கெழுதும் ரைட்டரிடமோ சென்று, என்ன பார்க்க வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். நவம்பரில் காப்பிப்பழம் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், பறிப்பவர்கள் நிற்கும் வரிசைகளுக்குள் புகாமல் ஓரப்பாதையிலேயே நடக்க வேண்டும். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த மரத்தடியில் எந்த மழைக்கு என்ன முளைக்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்வார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். அங்கிருந்து எதை எடுப்பதும் குற்றமே.

தனியே தோட்டம் தேடத் தயங்குபவர்கள், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்திலிருந்து தொடங்கலாம். பாதை பாதுகாப்பானது, மரங்களும் முதிர்ந்தவை. சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுப் புல்வெளி முற்றிலும் வேறு உலகம். மாடு மேயும் அந்தப் புல்வெளியில், சாணத்தில் மட்டுமே முளைக்கும் மெலிந்த காம்புக் காளான்களைக் காணலாம்.

மலையில் காட்டுமாடுகள் உண்டு. விடியலிலும் அந்தியிலும் அவை தோட்டங்களுக்குள் மேயும். எதிர்ப்பட்டால் அசையாமல் நின்று, அதன் பாதையை அடைக்காமல், சத்தமின்றிப் பின்வாங்குங்கள். கன்றோடு இருக்கும் மாட்டின் அருகே எக்காரணம் கொண்டும் போக வேண்டாம். மரக்கட்டையைக் கையால் புரட்டும் முன்பு குச்சியால் தட்டிப் பாருங்கள், அடியில் பாம்போ தேளோ இருக்கலாம்.

முதல் இரண்டு மணி நேரம்: காதுக்கு

இந்த மாதங்களில் சூரியன் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் உதிக்கும். வெளிச்சம் வரும்போதே நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டமரத்துக்கு அருகில், அதிலிருந்து ஏறத்தாழ இருபது அடி தள்ளி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நில்லுங்கள். பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடாதீர்கள். காதில் விழும் ஒவ்வொரு குரலுக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு போடுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, குரல்கள் எத்தனை வகை என்று பிரித்தறிந்தாலே போதும்.

முதலில் காதில் விழுவது பெரும்பாலும் சின்னக் குக்குறுவானின் "குட்ரூ... குட்ரூ" என்ற இடைவிடாத குரலாக இருக்கும். பச்சை உடலும், பழுப்புத் தலையும், கன்னத்தில் வெள்ளையும் உள்ள பறவை இது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியதாகப் பலரும் அறிந்த இது, கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சேர்வராயன், சித்தேரி மலைகளில்தான் முதன்மையாகக் காணப்படுகிறது. சேலத்துக்காரர் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அடுத்து, கூர்மையான கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் புள்ளியும் கொண்ட செம்மீசைச் சின்னான். இது ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. இவ்விரு குரல்களையும் நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால், அவற்றுக்கு இடையே புதிதாக ஒலிப்பது வலசை வந்த பறவையா என்று கேட்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வலசை வந்தவற்றில் புதியவர் மூன்றை மட்டும் முதலில் கற்றுக்கொண்டால் போதும். ஒன்று, சாலையோர நீரோடையில் வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டி நடக்கும் கருஞ்சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள்; ஆவணி, புரட்டாசியிலேயே வந்துவிடும். இரண்டு, மரத்தின் மேலடுக்கில் இலையோடு இலையாகத் திரியும் பச்சைக் கதிர்க்குருவி. கண்ணுக்குச் சிக்காது, "ட்டிஸ்லி" என்று இரண்டு அசையில் கூப்பிடும் குரலே அடையாளம். மூன்று, காப்பிச் செடிகளின் அடியிலிருந்து நாக்கைத் தட்டுவதுபோல் "சக்... சக்" என்று ஒலிக்கும் பிளைத் நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருந்தாலும் குளிர்காலத்தில் புதரே இதன் வீடு.

ஆறுமணிக்குருவிக்குத் தனியே ஒரு சொல். வடக்கிலிருந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் இந்தப் பறவை காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் இப்பெயர் பெற்றது. இது மரத்தில் இருக்கும் நேரத்தைவிடச் சருகில் இருக்கும் நேரமே அதிகம். சருகு புரளும் ஓசை கேட்டால் நின்றுவிடுங்கள். குந்தி உட்கார்ந்து, காப்பிச் செடிகளின் அடித்தண்டுகளுக்கு இடையே பாருங்கள். வலசை வரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு முற்றத்திலோ அறைக்குள்ளோ விழுந்துகிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் அந்தியில் தோட்டத்தில் விட்டுவிட வேண்டும். உடல் முழுவதும் ஒன்பது நிறம் உள்ள பறவை என்று ஆசைப்பட்டு வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

திடீரென ஒரே மரத்தில் ஐந்தாறு வகைப் பறவைகள் சேர்ந்து வந்து மேய்ந்து போவதைக் காண்பீர்கள். மின்சிட்டு, வெள்ளைக்கண்ணி, கரிச்சான், ஈப்பிடிப்பான் எல்லாம் ஒன்றாக நகரும் இந்தக் கலப்புக் கூட்டம் வந்துவிட்டால் ஓடிப் பின்தொடர வேண்டாம். அது நகரும் திசையைப் பார்த்து, முன்னால் சென்று காத்திருங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவிடுங்கள். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவையை இல்லாத எதிரியோடு சண்டையிட அழைப்பது அது.

வெயில் ஏறிய பிறகு: குனிந்து பார்த்தல்

எட்டரை மணிக்குமேல் குரல்கள் அடங்கத் தொடங்கும். அப்போது பட்டமரத்தை நெருங்குங்கள். முதல் மரத்துக்கு முழுதாக அரைமணி நேரம் கொடுங்கள். கிளை நுனியிலிருந்து அடி வரை, வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், பட்டை உரிந்த இடம், மண்ணைத் தொடும் இடம் என்று பகுதி பகுதியாகப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் வேறு காளான் குடியிருக்கும்.

காய்ந்த சிறு கிளையில், விசிறிபோல் விரிந்து சாம்பல்வெள்ளையாய் மயிர் படர்ந்திருப்பது பிளவுச்செதில் காளான். கைவில்லையால் அடியில் பார்த்தால் செதில்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வறட்சியில் சுருண்டு மூடிக்கொண்டு, மழை பட்டதும் மீண்டும் விரியும். புதியவருக்கு இதைவிட எளிதான தொடக்கம் இல்லை. ஈரமான பட்டையில், மனிதக் காதுபோல் பழுப்பாய்த் தொங்குவது காதுக்காளான். தண்டில் அலமாரித் தட்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான மரக்காளான்களில் செதிலுக்குப் பதில் ஊசித்துளைகள் இருக்கும். மட்கிய சுள்ளிகளில், சுண்டுவிரல் நகம் அளவுள்ள கிண்ணத்துக்குள் சின்னஞ்சிறு முட்டைகள் அடுக்கியதுபோல் ஒன்றைக் கண்டால், அது பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் அந்த "முட்டை" ஒரு மீட்டர் தூரம்கூடத் தெறித்துப்போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குள்தான் வித்துகள் இருக்கின்றன.

காப்பி இலையையும் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்த பொடி ஒட்டியிருந்தால் அதுவும் பூஞ்சையே, இலைத்துரு நோய். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இந்த நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்து, அத்தீவைத் தேயிலைக்கு மாற்றியது. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறிய குடும்பங்களின் வாழ்க்கையைத் திருப்பியது, இந்த இலையடியில் காணும் பொடிதான்.

மரத்தடியை விட்டுத் தரைக்கு வந்தால், புற்றுக்காளானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கறையான்கள் புற்றுக்குள் இலைதழைகளை மென்று அடுக்கிய தட்டுகளில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. மழைக்குப்பின் அதன் குடை மண்ணைத் துளைத்து வெளிவருகிறது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வது, இடியோடு வரும் மழைக்குப் பின் இது கூட்டமாகத் தலைநீட்டுவதைக் கண்டு சொன்னது. என் பெரியம்மா இதைப் பறிக்கும்போது காம்பைச் சுற்றிக் குச்சியால் மண்ணைத் தோண்டிக்கொண்டே போவார். காம்பு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்காவிட்டால் அதைத் தொடாமல் விட்டுவிடுவார். ஒவ்வோர் ஆண்டும் அதே நான்கைந்து இடங்களுக்கு மட்டுமே போவார், புதிய இடத்தில் எதையும் பறித்ததில்லை. மலைவாழ் மக்களின் அறிவும் இத்தகையதே. அது தலைமுறையாக ஒரே மண்ணைப் பார்த்துப் பெற்றது. ஒரு பகல் நடைபோட்டு நாம் பெற முடியாதது.

உண்பதைப் பற்றி

ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறேன்: நீங்கள் கண்டெடுத்த காளானை உண்ணாதீர்கள். புகைப்படத்தை வைத்தோ கைப்பேசிச் செயலியை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், எறும்பு கடித்திருந்தால் நல்லது, மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறிந்துவிடும் என்பவை எல்லாம் பொய்யான சோதனைகள். கொடிய காளான் நஞ்சுகளில் ஒன்றான அமாடாக்சின் வேகவைத்தாலும் அழிவதில்லை. உண்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே, சிலருக்கு ஒரு நாள் கழித்தே, வாந்தியும் பேதியும் தொடங்கும். இடையில் குணமானதுபோல் தோன்றி, பிறகு கல்லீரல் பழுதாகும். மழைக்குப்பின் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாய் முளைக்கும் பச்சைச்செதில் காளான், இளமையில் வெள்ளைச் செதில்களோடு உண்ணத்தக்கதைப் போலவே இருக்கும். முதிர்ந்த பிறகே செதில் பச்சையாகும். அதை உண்டால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வரும்.

யாராவது உண்டுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மீதமுள்ள காளானையோ குழம்பையோ மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். தொடுவதால் நஞ்சு ஏறாது என்பதால் ஆராய்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. உணவைத் தொடுமுன் கை கழுவினால் போதும்.

பதிவு செய்தல்

ஒரு காளானுக்கு நான்கு படங்கள் வேண்டும்: மேலிருந்து குடை, அடியிலிருந்து செதில், பக்கவாட்டில் மண்ணோடு சேர்ந்த காம்பின் அடி, பிறகு சற்றுத் தள்ளி நின்று அது வளரும் இடம். அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். காம்பில் வளையம் உண்டா, அடியில் கிண்ணம்போன்ற உறை உண்டா, என்ன மணம், மண்ணிலா மரத்திலா சாணத்திலா என்று எழுதிக்கொள்ளுங்கள். அடிப்புற உறையை விட்டுவிட்டால் அந்தப் பதிவை வைத்து எவராலும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தோட்டக்காரர் அனுமதித்தால், ஒரே ஒரு முதிர்ந்த காளானை டப்பாவில் எடுத்து வாருங்கள். இரவில் காம்பை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரால் மூடிவையுங்கள். காலையில் தூக்கிப் பார்த்தால் வித்துகள் உதிர்ந்து செதில்களின் கோலம் காகிதத்தில் பதிந்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று அந்தப் பொடியின் நிறம் காளானை இனங்காண்பதில் முதன்மையான துப்பு. மேலே சொன்ன பச்சைச்செதில் காளானுக்கு அது மங்கிய பச்சையாக இருக்கும்.

பறவைக் குறிப்புகளை இ-பேர்டு தளத்திலும், காளான் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் ஏற்றுங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி உதவும். ஆனால் கண்ணால் காணாத பறவையை அது சொன்னதால் மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மழையால் மலைக்குப் போக முடியாத வாரங்களில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கரையில் நின்று நீர்ப்பறவைகளை எண்ணிப் பழகலாம்.

தை பிறக்கும்போது, பொங்கலை ஒட்டித் தமிழகமெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கும் நாட்களில், அதே பட்டமரத்துக்கு மீண்டும் போங்கள். மென்மையான காளான்கள் மறைந்திருக்கும், தட்டுக்காளான்கள் அப்படியே இருக்கும். தென்னிந்தியாவில் சின்னக் குக்குறுவான் மார்கழியிலிருந்தே கூடு அமைக்கத் தொடங்கிவிடுகிறது. எனவே தண்டில் காளான் இருந்த பகுதிக்கு மேலும் கீழும் வட்டமான புதிய பொந்து ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அடியில் குனிந்து, சருகின்மீது புதிதாக உதிர்ந்த மரத்தூள் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால், இருபது அடி தள்ளிப்போய் உட்கார்ந்து, குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.